சனூஸாவின் கைமடிப்பு

“ஆரப் பாத்தாலும் ஒனக்கு எரியுமா, இல்லாட்டி சனூஸாவப் பாத்தா மட்டுந்தானா?”

ஒருநாள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது கூடப்பிறந்த மூத்தவள் றம்லா ராத்தா இப்படிக் கேட்டாள். சுஹைரா கையிலிருந்த சூடை மீனை வேண்டியதைவிடக் கூடுதலாகச் சுரண்டினாள். கேள்வியில் பிழை பிடிக்க ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டார் மாடி எழுப்பியபோது அவளுக்கு எரியவில்லை. ராத்தாவுக்குக் கலியாணத்தில் போட்ட நகையைப் பார்த்தும் எரியவில்லை. ஆனால் சனூஸா ஒரு புதுச் செருப்பு வாங்கினால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

சனூஸா மாமியின் மகள், முறைக்கு மச்சி. கிண்ணியாவில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தகர வேலிதான். அதிலும் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. இருவருக்கும் ஒரே வயது, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு. வாசிக்கச் சொல்லி எழுப்பினால் சுஹைராவுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் சனூஸா சட்டென்று எழும்பி, “அவக்குத் தடிமன் மிஸ், தொண்ட கட்டிட்டு” என்று சொல்லிவிட்டுத் தானே வாசிப்பாள். எல்லாரும் அதை உதவி என்றார்கள். சுஹைராவும் கொஞ்சக் காலம் அப்படித்தான் நினைத்தாள்.

ஓ.எல். அரசாங்கச் சோதனை நேரம் டெங்கு வந்து படுத்தாள் சுஹைரா. அடுத்த வருசம் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் இருக்க வெட்கமாக இருந்தது. போகவில்லை, படிப்பு அதோடு நின்றுவிட்டது. சனூஸா நிற்கவில்லை. ஏ.எல். எடுத்தாள், கெம்பஸ் போனாள், ஸ்கூட்டி ஓடினாள். வாய் மட்டும் பழையபடி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. நித்திரையிலும் கதைப்பவள் என்று மாமியே சொல்வார்.

சுஹைராவுக்கென்று மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான், சொற்பலகை. கொரோனா ஊரடங்கு நேரம் வாப்பா ஜமால்தீன் தன் புத்தகக் கடையில் விலைபோகாமல் கிடந்த பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார். உள்ளே கட்டம் கீறிய ஒரு பலகை, தமிழெழுத்துப் பொறித்த நூறு மரக்கட்டைகள், ஒரு துணிப்பை. பைக்குள் பாராமல் கைவிட்டு ஏழு கட்டை எடுத்து, முன்னால் உள்ள தட்டில் அடுக்கி, அவற்றைக் கொண்டு பலகையில் சொற்களைக் கோக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து புள்ளி. இரண்டு கட்டைகளில் மட்டும் எழுத்தே இராது. அந்த வெறுங்கட்டையை விரும்பிய எழுத்தாக வைத்துக்கொள்ளலாம். அது வந்து விழுந்த கைக்குப் பாதி வெற்றி. வாய் திறக்காமல் ஆடக்கூடிய ஓர் ஆட்டம் உலகத்தில் இருக்கிறது என்பதே சுஹைராவுக்குப் பெரிய ஆறுதல். ஆடுவதற்கு ஒரு துணை வேண்டுமே. வேலி ஓட்டையால் சனூஸாவைக் கூப்பிட்டுக் குசினித் தரையில் இருத்திப் பழக்கினாள்.

“தட்டுல எத்தின இரிக்கெண்டு எண்ணிட்டு இரிக்காத. எத்தின வெச்சியோ அத்தின எடு. ஏழு தன்பாட்டுல வரும்” என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

சனூஸாவைப் பழக்கியதுதான் தன் வாழ்நாளில் செய்த பெரிய மடத்தனம் என்று பின்னால் அவள் பலமுறை நினைத்ததுண்டு. இரண்டு வருசத்துக்குள் சனூஸா கெம்பஸ் சொற்பலகைப் போட்டியில் வெற்றிக் கிண்ணம் வாங்கினாள், பேப்பரில் படம் வந்தது. “சுஹைராட்டத்தான் நான் பழகின” என்று போகிற இடமெல்லாம் அவள் சொல்வாள். கேட்டவர்கள் சுஹைராவைத் திரும்பிப் பார்த்து, “அப்பிடியா?” என்று சிரிப்பார்கள். சனூஸா சொல்லாமல் மறைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாவட்டப் போட்டி என்று அறிவித்தல் வந்ததும் சனூஸா ஓட்டையால் தலையை நீட்டி, “ரெண்டு பேரையும் பதிஞ்சிட்டன் மச்சி” என்றாள். திருகோணமலையிலிருந்து கொழும்பில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு ஒரே ஓர் ஆள்தான் போகலாம்.

வாப்பா தடுக்கவில்லை. “சனூஸாவோட எண்டா போயிட்டு வா. நீ போட்டில வெண்டா கொழும்புக்கு நானே கூட்டிப் போறன்” என்றார். டிக்கட் எடுக்க வேண்டி வராது என்று நம்புகிறவரின் சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. அந்தச் சிரிப்பையும் சுஹைரா மனதில் போட்டுக்கொண்டாள். அந்த ஓர் இடம் தனக்கு வேண்டும். திருகோணமலை மாவட்டம் என்று வாசித்து, அதன் கீழே ஜமால்தீன் சுஹைரா என்று ஒருவர் வாசிக்க வேண்டும். சனூஸாவின் மச்சி என்றல்ல.

போட்டியன்று காலை சனூஸா இரண்டு ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்றாள். ஒன்று அவளுடையது, மற்றது சுஹைராவுக்கென்று யாரிடமோ இரவல் வாங்கியது. உடுத்திருந்தது புது அபாயா. கை மணிக்கட்டில் குடைபோல விரிந்து, விளிம்பை வெளிப்பக்கமாக அகல மடித்து, பைபோல வாய் திறக்க விட்டுத் தைத்து, மடிப்பு முழுக்கக் கறுப்பு மணி பதித்திருந்தது.

“காத்தான்குடில எடுத்த. ஒனக்கும் ஒண்டு எடுக்கத்தான் பாத்தன், ஒன்ட சைஸ் முடிஞ்செண்டுட்டான் மச்சி. அடுத்த மாசம் வருமாம். சொல்லி வெச்சிட்டு வந்திரிக்கன்.”

“எனக்கு வேணாம்.”

“ஒனக்கு எதுதான் வேணும்?” என்று சிரித்துக்கொண்டே சனூஸா ஸ்கூட்டியை எடுத்தாள். பாலத்தில் ஏறியதும் காற்று இரண்டு கைகளையும் ஊதிப் பெருப்பித்தது. மடிப்பிலிருந்த மணியெல்லாம் வெயிலில் மினுங்கின. பாலம் முடிந்து, சீனக்குடா கழிந்து, டவுன் வரும்வரை சனூஸா கதைத்துக்கொண்டே ஓடினாள். பின்னால் இருந்தவள் அந்தக் கைமடிப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

உட்துறைமுக வீதியில் ஒரு மண்டபத்தின் மேல்மாடியில் போட்டி. யன்னலால் பார்த்தால் கப்பல் தெரியும். குனிந்து பார்த்தால் டவுனெங்கும் திரிந்துவிட்டு வாசலில் படுத்துக்கிடக்கும் மான்கள், நேற்றைய சோற்றுப் பார்சல் தாள்களை மென்றுகொண்டு. நடுவராக வந்திருந்தவர் சுதர்சிகா மிஸ். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுச் சட்டங்களை வாசித்தார்.

“பாங்கு சொல்லுற நேரம் மணிக்கூட்டை நிப்பாட்டுவன். துஆ ஓதி முடிஞ்ச பிறகுதான் திரும்பத் தொடங்கும். அதுவரைக்கும் ஒருத்தரும் சொல் வைக்கப்படாது.”

தம்பலகாமத்திலிருந்து வந்திருந்த நிசாந்தன் கையை உயர்த்தினான். “கோயில் மணி அடிச்சா, மிஸ்?”

“அதுக்கும் நிப்பாட்டினா திருகோணமலையில ஒரு ஆட்டமும் முடியாது தம்பி. இருங்கோ.” சிரிப்பு அடங்கும்வரை பொறுத்துவிட்டு மிஸ் கடைசிச் சட்டத்தை வாசித்தார். “ஆட்டம் முடிய நூறு கட்டையும் மேசையில கிடக்க வேணும். ஒருத்தற்ற உடுப்பிலையோ பையிலையோ கட்டை கிடந்தா, அந்த ஆட்டம் அவருக்குத் தோல்வி. ஆரெண்டும் பாக்கமாட்டன்.”

அன்றைக்குச் சுஹைராவுக்கு எல்லாம் வாய்த்தது. ஒருவர் பின் ஒருவராக வீழ்த்தினாள். நிசாந்தனும் தோற்று எழும்பும்போது, “சத்தமே இல்லாமல் அறுக்கிறீங்கள் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போனான். மத்தியானம் சனூஸா சோற்றுப் பார்சலைப் பிரித்து, தன் பங்கு மீன் சினையை எடுத்து அவள் சோற்றில் வைத்தாள். “தின்னு. பைனலுக்கு நீயும் நானுந்தான், பாரு.” சுஹைரா சினையைத் தாளின் ஓரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

சனூஸா சொன்னபடியே ஆனது. பின்னேரம் இறுதி ஆட்டத்துக்கு இருவரும் எதிரெதிர்க் கதிரையில் இருந்தார்கள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். தொடக்கத்திலேயே ஒரு வெறுங்கட்டை சுஹைராவுக்கு விழுந்தது. அதை வைத்து ஏழு கட்டையையும் ஒரே மூச்சில் பலகையில் போட்டுவிட்டாள். அதற்குத் தனிப் புள்ளி. சுற்றி நின்றவர்கள் வாய் பிளந்தார்கள். சனூஸா, “அல்லாஹ்வே, என்னக் கொல்லுறாளே” என்று நெஞ்சில் கைவைத்து எல்லாரையும் சிரிக்க வைத்தாள். தான் போட்ட சொல்லுக்கு வரவேண்டிய கைதட்டு சனூஸாவின் பகிடிக்குப் போனதைச் சுஹைரா கவனித்தாள்.

ஆட்டம் பாதியைத் தாண்டியது. சனூஸா நான்கு கட்டைகளைப் போட்டுவிட்டுப் பைக்குள் கைவிட்டு நான்கை எடுத்தாள். கை மூடியபடி வெளியே வரவும் பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு தொடங்கவும் சரியாக இருந்தது. மிஸ் மணிக்கூட்டை நிறுத்தினார். மண்டபம் அடங்கியது. சனூஸா மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாங்கு முடிந்தது. துஆவுக்காகச் சனூஸா இரண்டு கைகளையும் ஏந்தினாள். பழக்கத்தில் விரல்கள் தாமாக விரிந்தன. வலது உள்ளங்கையில் நான்கு கட்டைகளும் கவிழ்ந்து கிடந்தன. கை உயர, அவற்றில் ஒன்று மெல்லச் சறுக்கியது. மணிக்கட்டைத் தாண்டி, விரிந்து கிடந்த அபாயாக் கையின் மடிப்புக்குள் போய் விழுந்தது. மணியோடு மணியாகச் சத்தமும் இல்லை, பாரமும் தெரியவில்லை. சனூஸா கண் திறக்கவில்லை. மற்றவர்கள் யன்னலையும் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து அந்த மடிப்பைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கிய கண் ஒன்றில்தான் அது பட்டது.

துஆ ஓதும்போது கதைக்கக் கூடாது. சுஹைரா கதைக்கவில்லை, அதுவரை அவளில் ஒரு குற்றமும் இல்லை.

சனூஸா இடது கையால் முகத்தைத் தடவிக்கொண்டு, வலது கையிலிருந்ததைத் தட்டில் கொட்டினாள். மூன்றே மூன்று. ஏற்கெனவே இருந்த மூன்றோடு ஆறு. அவள் எண்ணவில்லை. எண்ணாதே என்றுதானே பழக்கியிருந்தது. மணிக்கூடு மீண்டும் ஓடத் தொடங்கியது. சுஹைரா வாயைத் திறந்தாள்.

“என்ன மச்சி?”

“ஒண்டுமில்ல.”

சொல்லிவிட்ட பிறகுதான், எதைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே விளங்கியது. சரி, அடுத்த முறை அவள் கட்டை எடுக்கும்போது சொல்லலாம் என்று இருந்தாள். அடுத்த முறை வந்தது. சனூஸா மூன்று போட்டாள், மூன்று எடுத்தாள். ஆறு ஆறாகவே இருந்தது. இப்போது சொன்னால், முதலே ஏன் சொல்லவில்லை என்று மிஸ் கேட்பார். ஒரு கட்டைதானே, ஏதோ ஒரு சில்லறை எழுத்தாக இருக்கும், அது இல்லாமலும் அவள் ஆடட்டுமே என்று நினைத்துக்கொண்டாள். எல்லாம் கூடக்கூட உள்ளவளுக்கு ஒன்று குறைந்தால் என்ன?

பை மெலிந்துகொண்டே வந்தது. வெளியே வந்தது எது, வராதது எது என்று எண்ணி வைப்பது சுஹைராவின் வழக்கம். பை காலியான நேரத்தில் எண்ணிப் பார்த்தாள். இரண்டாவது வெறுங்கட்டையைக் காணவில்லை. பலகையில் இல்லை, தன் தட்டிலும் இல்லை. சனூஸாவின் தட்டிலும் இராது. வெறுங்கட்டை கிடைத்தால் கதிரையில் இருக்கமாட்டாமல் நெளிவாள் அவள். அப்படியென்றால்? சுஹைராவின் கண் மடிப்புக்குப் போனது.

இனிச் சொல்வதென்றால், ஆட்டத்தின் ஆகச் சிறந்த கட்டையைத் தன் வாயாலேயே எடுத்துச் சனூஸாவின் கையில் கொடுப்பதாக ஆகும். சின்ன வயதிலிருந்து அவளுக்கு எத்தனையோ போய்ச் சேர்ந்தாயிற்று. இதுவுமா? சுஹைரா உதட்டைக் கடித்துக்கொண்டு தன் கட்டைகளை ஒழுங்குபடுத்தினாள்.

ஆனால் மனம் மடிப்பில் கிடந்தால் கண் பலகையில் நிற்குமா? மூலையில், வைக்கும் சொல்லுக்கு மூன்று மடங்கு புள்ளி தரும் ஒரு சிவப்புக் கட்டம் திறந்து கிடந்ததை அவள் காணவில்லை. சனூஸா கண்டாள். தட்டிலிருந்த கடைசிக் கட்டைகளை அதில் கொண்டுபோய்ப் பூட்டி ஆட்டத்தை முடித்தாள். கூட்டிப் பார்த்தபோது சனூஸாவுக்குப் பதினொரு புள்ளி கூட. ஒரு கட்டை குறைவாக ஆடியும் வென்றிருந்தாள்.

மண்டபம் கைதட்டியது. சனூஸா மேசையைச் சுற்றி ஓடிவந்து சுஹைராவைக் கட்டிப்பிடித்தாள். “செத்தே போனன் மச்சி! இவ்வளவு கிட்ட ஒருத்தரும் எனக்கு வந்ததில்ல. வல்லாஹி, நீ வெண்டிரிக்க வேணும்.” கழுத்தைச் சுற்றிய கையின் மடிப்பு சுஹைராவின் பிடரியில் அழுந்தியது. சின்ன மணிகளுக்கு நடுவே சதுரமாக ஒன்று உறுத்தியது. அது என்னவென்று அந்த மண்டபத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு கட்டைகளை எண்ணினார்கள். தொண்ணூற்றொன்பது. மிஸ் தானே இன்னொருமுறை எண்ணினார். அப்போதும் தொண்ணூற்றொன்பது.

“கீழ விழுந்திருக்கும், பாருங்கோ.”

எல்லாரும் குனிந்தார்கள். நிசாந்தன் அலுமாரிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். சனூஸா அபாயாவை ஒதுக்கிக்கொண்டு மேசைக்குக் கீழே புகுந்து, “எங்கடா ராசா ஒளிச்சிரிக்காய், வாடா” என்று கட்டையைக் கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்டாள். ஒன்றும் அகப்படாமல் நிமிர்ந்தாள்.

மண்டபத்தில் நின்ற எல்லாருடைய கண்ணும் தரையில் இருந்தது. சுஹைரா மட்டும் குனியவில்லை. அவளுடைய கண் சனூஸாவின் வலது கையில் இருந்தது. திருப்பிக்கொள்ள நினைக்குமுன் சனூஸா அந்தப் பார்வையைப் பிடித்துவிட்டாள். அது போகும் வழியே தன் கண்ணையும் செலுத்தினாள். மடிப்புக்குள் இரண்டு விரலை விட்டாள். எடுத்தாள். யாரும் பார்க்காமல் தரையில் நழுவவிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், எல்லாரும் காணப் பலகையின் நடுவில் வைத்தாள்.

வெறுங்கட்டை.

“அட” என்றான் நிசாந்தன். பின்னால் யாரோ ஒருத்தி, “கைக்குள்ள வெச்சித்தான் ஆடியிருக்கு” என்று மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

“இது எப்பிடிப் பிள்ளை?” மிஸ்ஸின் குரல் இறங்கியிருந்தது.

“தெரியா மிஸ்” என்றாள் சனூஸா.

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுஹைராவின் பக்கம் திரும்பினார். “நீங்கள்தானே நேர முன்னால இருந்தனீங்கள். இது தவறி விழுந்ததைக் கண்டனீங்கள் எண்டா ஒரு சொல்லுச் சொல்லுங்கோ பிள்ளை. ஆட்டத்தை அப்பிடியே விட்டிடுறன், அவவே கொழும்புக்குப் போகட்டும். ஒருத்தரும் காணேல்லை எண்டா நான் சட்டப்படிதான் செய்ய வேணும். கண்டனீங்களோ?”

எல்லாரும் சுஹைராவைப் பார்த்தார்கள். இத்தனை பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற ஒரு நாளும் அவளுக்கு வந்ததில்லை. தொண்டை அடைக்கும் என்று எதிர்பார்த்தாள். அடைக்கவில்லை. சனூஸாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. அந்த நாளில் பள்ளிக்கூட வாங்கில் பக்கத்தில் இருந்து, இவள் வாசிப்பாளா மாட்டாளா என்று பார்ப்பாளே, அதே பார்வை. ஆனால் இந்த முறை எழும்பி இவளுக்காகப் பதில் சொல்ல அவள் முன்வரவில்லை.

“காணல்ல மிஸ்” என்றாள் சுஹைரா.

குரல் தெளிவாக வந்தது. கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

மிஸ் கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்து, “ஜமால்தீன் சுஹைரா, திருகோணமலை மாவட்டம்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஓரிருவர் கைதட்டத் தொடங்கிவிட்டு, மற்றவர்கள் தட்டாததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள்.

சனூஸா தன் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள். யன்னலடிக்குப் போனாள். தன் ஹெல்மெட்டை எடுத்து முழங்கையில் கொளுவினாள். மற்ற ஹெல்மெட் யன்னல் கட்டின் மேல் இருந்தது. சுஹைராவுக்காக இரவல் வாங்கியது அது. அதன் வாரை விரலால் தொட்டுக்கொண்டு சற்று நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று சுஹைரா நினைத்தாள். ஏசினாலும் பரவாயில்லை என்று இருந்தது. பொய்க்காரி என்று எல்லாருக்கும் முன்னால் கத்தினாலும் நல்லது. கத்தினால் தானும் திருப்பிக் கத்தலாம். மீன் சினை, தடிமன், அடுத்த மாசம் வரப்போகும் அபாயா, எல்லாவற்றையும் இழுத்துக் கொட்டலாம்.

சனூஸா அந்த ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டாள்.

நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். அவள் வாசலைத் தாண்டும்வரை எல்லாருடைய கண்ணும் அவள் பின்னாலேயே போனது. வென்றவளைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. படியில் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே போனது. சுஹைரா யன்னலுக்கு வந்தாள். கீழே ஸ்கூட்டி ஒரே உதையில் எழும்பியது. பின்னிருக்கையில் இரண்டாவது ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டு, மேலே நிமிர்ந்தும் பாராமல் சனூஸா ஓட்டிப் போனாள். வாசலில் படுத்திருந்த மான்கள் எழும்பி வழி விட்டுவிட்டு, மறுபடியும் வந்து படுத்துக்கொண்டன.